தண்ணீர்த் தொட்டிப் பக்கத்து வெயில்

அப்பா அம்மா வைத்த பெயர் கட்டடக்கலைக் கல்லூரியில் சேர்ந்த இரண்டாவது வாரமே காலாவதியாகிவிட்டது. அட்டை வெட்டக் கட்டரை எடுக்கும் முன்னால் அவள் கண்ணை மூடி, உதடு அசையாமல் உள்ளுக்குள் ஏதோ சொல்லிக்கொள்வாள். அதை எவனோ ஒருத்தன் பார்த்துத் தொலைத்தான். அன்றிலிருந்து அவள் ‘சாமி’. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அவளுக்கு வேறு பெயர் இல்லை.

உள்ளுக்குள் அவள் சொன்னது ஒரே வரிதான். “இன்னைக்கு என் கை பொய்க்கோடு போடக் கூடாது.” மார்க் வேண்டும் என்று கேட்டதில்லை, வேலை வேண்டும் என்று கேட்டதில்லை. விடுதி அறையில் நாலு பேர் நெருக்கியடித்துக் கிடந்ததால், காலையில் மாடிப்படி திரும்பும் இடத்தில் நின்று ஐந்து நிமிடம் கும்பிடுவாள். வாளியோடு குளிக்கப் போகிறவர்கள் தாண்டிப் போவார்கள். “எனக்கும் சேர்த்து ஒரு அப்ளிகேஷன் போட்டுடு சாமி” என்று சிலர் சொல்லிவிட்டும் போவார்கள்.

பொய்க்கோடு என்றால் என்ன என்று வெளியாளுக்குச் சொல்ல வேண்டும். கட்டடம் வரையப் படிக்கிறவர்களுக்கு அது கைவந்த கலை. படிக்கட்டு மேல்தளத்தில் போய் முட்டுகிறதா? அந்த இடத்தில் ஒரு மரத்தை வரைந்து மறைத்துவிடு. தூண் வழியை மறிக்கிறதா? எதிரே நாலு மனிதர்களை நிற்க வை. அந்த வகுப்பின் டிராயிங் முழுக்க அப்படி ஒரே காடும் கூட்டமுமாக இருக்கும். சாமி மட்டும் மரம் வைக்க மாட்டாள். வராததை வரவில்லை என்றே வரைந்து, மார்க்கையும் இழந்துவிட்டு வந்து உட்காருவாள்.

நல்லவளாக இருப்பதைப் பக்கத்தில் இருக்கிறவர்கள் அத்தனை சுலபமாக மன்னித்துவிடுவார்களா என்ன? ஒருமுறை சமர்ப்பிக்கும் நாள் காலையில் அவளுடைய அளவுகோலைக் காணவில்லை. “கடவுள்கிட்ட கேளு, எங்க இருக்குன்னு சொல்லுவார்” என்றார்கள். அரை மணி நேரம் தேடினாள். சாயங்காலம் குப்பைக் கூடையில் அது இரண்டாக அறுபட்டுக் கிடந்தது. வகுப்பு நடக்கும் ஸ்டூடியோவே விழுந்து விழுந்து சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரிக்காவிட்டால் அடுத்து வேறொன்று காணாமல் போகும் என்பது அவளுக்குத் தெரியும்.

கடைசி வருடம் அவர்களுக்கு வாய்த்த பேராசிரியருக்குப் ‘புல்டோசர்’ என்று பெயர். மாணவர்கள் செய்துகொண்டு வரும் அட்டை மாடலை அவர் கண்ணால் மட்டும் பார்க்க மாட்டார், கையால் பார்ப்பார். “இந்தக் கூரை எதுக்கு?” என்பார். பதில் வருவதற்குள் கூரை பிய்ந்து தரையில் கிடக்கும். “இப்ப நல்லா இருக்கு பாரு” என்பார். ஒரு வாரம் வெட்டி ஒட்டியவன் அதைக் குனிந்து பொறுக்கிக்கொண்டு “தேங்க்யூ சார்” என்று சொல்ல வேண்டும். அதுதான் அங்கே மரியாதை. அவருக்கு ஊரில் சொந்த ஆபீஸ் இருந்தது. ஊரின் பெரிய கட்டடங்களில் பாதி அங்கே வரைந்தவை.

கடைசிப் பருவத்தில் புல்டோசர் ஒரு தலைப்புக் கொடுத்தார். அரசு மருத்துவமனையில், நோயாளிகளின் சொந்தக்காரர்கள் உட்கார்ந்து வேண்டிக்கொள்ள ஓர் அறை. எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களும் வரலாம். வார்டு கட்டடத்தை ஒட்டிய காலியிடம்தான் மனை. ஒரு பக்கம் தண்ணீர்த் தொட்டி, எதிர்ப்பக்கம் ஆம்புலன்ஸ்கள் வந்து நிற்கும் இடம். முப்பத்தெட்டு பேரில் யாருடையது நன்றாக இருக்கிறதோ அதை மருத்துவமனையே கட்டப்போகிறது.

“பிரேயர் ரூமா? போரடிக்கும்டா” என்று வகுப்பு முனகியது. சாமியோ தனக்காகவே மேலிருந்து இறக்கிய தலைப்பு என்று நினைத்தாள்.

காரணம் இருந்தது. அவள் பள்ளியில் படிக்கும்போது அப்பா அந்த மருத்துவமனையில்தான் பதினொரு நாள் கிடந்து செத்தார். காலையில் டாக்டர் வரும் நேரத்தில் சொந்தக்காரர்களை வார்டை விட்டு வெளியே தள்ளிவிடுவார்கள். எல்லோரும் மாடிப்படித் திருப்பத்தில் நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். அங்கே தண்ணீர்த் தொட்டியைப் பார்த்த மாதிரி ஒரு சின்னத் திறப்பு. ஆறரை தாண்டியதும் அது வழியாக வெயில் வந்து, எதிர்ச் சுவரில் ஒரு ஜமுக்காள அகலத்துக்கு விழும். யாரும் சொல்லிக்கொடுக்காமலே சனம் அந்த வெளிச்சத்தைப் பார்த்துக் கையெடுக்கும். பதினொரு நாளும் அவளும் அம்மாவும் அதைப் பார்த்துத்தான் கும்பிட்டார்கள். பன்னிரண்டாம் நாள் கும்பிட ஒன்றும் இல்லை. அம்மா பிறகு அதே மருத்துவமனையில் கூட்டித் துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். சாமி படிக்கட்டுத் திருப்பங்களில் கும்பிடும் பழக்கம் அங்கே தொற்றியதுதான்.

அம்மாவிடம் அவள் தலைப்பைச் சொல்லவில்லை. வேண்டிக்கொண்ட காரியத்தை முடிவதற்கு முன் வாய்விட்டுச் சொன்னால் கெட்டுப்போகும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. கட்டி முடித்ததும் கையைப் பிடித்து அழைத்துப் போய்க் காட்டுவது என்று மனசுக்குள் வைத்துக்கொண்டாள். போனில் மட்டும் சுற்றி வளைத்துக் கேட்பாள்.

“அம்மா, ஜனங்க இன்னும் அந்தப் படிக்கட்டுலதான் நிக்கிறாங்களா?”

“வேற எங்க நிப்பாங்க? தொட்டிப் பக்கம் வெயில் வந்ததும் எல்லாம் கும்பிடுதுங்க. நான் தொடப்பத்தை எடுத்துக்கிட்டு ஒதுங்கி நிப்பேன். கும்பிடுற இடத்துல எப்படிக் கூட்டுறது?”

சாமி வரைந்தாள். தண்ணீர்த் தொட்டிப் பக்கச் சுவரில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், நீளவாக்கில் ஒரு தாழ்ந்த ஜன்னல். நிற்கிறவனுக்கு வெறும் சுவர்தான் தெரியும். தரையில் உட்கார்ந்தால் காலை வெயில் முகத்தில் விழும். அவ்வளவுதான் அறை. ஒரு மரம் கூட வைக்கவில்லை.

வினை அவர்கள் கைக்கு வந்த மனைப்படத்தில் இருந்தது. அதில் வடக்கைக் காட்டும் அம்பு தலைகீழாகப் போடப்பட்டிருந்தது. அதன்படி பார்த்தால் தண்ணீர்த் தொட்டி மேற்கே இருந்தது. மற்ற முப்பத்தேழு பேரும் மனையை ஒருமுறை போட்டோ எடுத்ததோடு சரி. அம்பைப் பார்த்து வரைந்தார்கள். சாமி மட்டும் அம்பைப் பார்க்கவே இல்லை. அவளுக்கு எதற்கு அம்பு?

அவளுடைய அறைத்தோழி எப்போதும் கழுத்தில் அளவு நாடாவைப் போட்டுக்கொண்டு அலைவதால் அவளுக்கு ‘டேப்’ என்று பெயர். ஜூரி என்ற இறுதி மதிப்பீட்டுக்கு முந்தின நாள், சாமியின் ஜன்னல் மட்டும் அம்புக்கு மாறாக இருப்பதை அவள்தான் கண்டுபிடித்தாள். இரண்டு பேரும் பஸ் பிடித்துப் போய், மனையில் நின்று போனில் திசைகாட்டியைத் திறந்து பார்த்தார்கள். தொட்டி கிழக்கேதான் இருந்தது. டேப் அதைப் படமும் எடுத்துக்கொண்டாள்.

“நீதான்டி கரெக்ட். மத்த எல்லாரும் தப்பு” என்றாள் டேப். “நானும்தான்.”

மறுநாள் ஜூரியில் புல்டோசரும் வெளியிலிருந்து வந்த இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். சாமியின் முறை வந்தது. அவள் பேசப் பேச வந்தவர்களில் ஒருவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். புல்டோசர் மனைப்படத்தையும் அவள் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகத்தில் மெல்ல ஒரு சந்தோஷம் வந்தது.

“காலை வெயில் எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னு சொன்னே?”

“தண்ணித் தொட்டிப் பக்கம் சார்.”

“அது மேற்கு.” அவர் வகுப்பைப் பார்த்துத் திரும்பினார். “சாமின்னு பேர் வெச்சீங்களே, சரியாத்தான் வெச்சிருக்கீங்க. இவங்க கடவுளுக்கு மட்டும் சூரியன் மேற்கே உதிக்குது!”

ஸ்டூடியோ அதிர்ந்தது. சாமி சிரிப்பு அடங்கக் காத்திருந்து, “சார், அந்த அம்பு தப்பு சார். நான் நேர்ல பார்த்திருக்கேன்” என்றாள்.

“அஞ்சு வருஷம் படிச்சு வடக்கு எதுன்னு தெரியலை. கேட்டா மேப் தப்பாம்.” அவர் மாடலை எடுத்தார். ஜன்னல் இருந்த சுவரை இரண்டு விரலால் பிடித்து உரித்து எதிர்ப்பக்கம் சாத்தி வைத்தார். “இங்க வை. இப்ப நல்லா இருக்கு பாரு.”

சாமி டேப்பைத் திரும்பிப் பார்த்தாள். டேப் கழுத்து நாடாவை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு தரையைப் பார்த்தாள். போட்டோ அவள் போனில் இருந்தது, போன் அவள் கையில் இருந்தது. வாய்தான் வரவில்லை. சாமிக்கு அடுத்து ஜூரி முன்னால் நிற்க வேண்டியவள் டேப்தான்.

சாமி குனிந்து, தரையில் சிதறிய ஒட்டுத் துண்டுகளைப் பொறுக்கினாள். “தேங்க்யூ சார்” என்றாள்.

ஃபெயில். பதினைந்து நாளில் மறுபடி வரைந்து கொடுக்கலாம். இல்லாவிட்டால் ஒரு வருடம் போச்சு, உதவித்தொகையும் நின்றுவிடும். அம்மாவின் முழங்கால் அதற்குள்ளேயே பாதி போயிருந்தது. பொண்ணு படித்து முடிக்கும் வரைக்கும்தான் துடைப்பம் என்று வார்டு வார்டாகச் சொல்லி வைத்திருந்தாள்.

அன்று மத்தியானமே சாமி டேப்பின் போட்டோவை வாங்கிக்கொண்டு புல்டோசரின் அறைக்குப் போனாள். அவர் போட்டோவைப் பார்த்தார். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். மனைப்படத்தை எடுத்துத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். தெரிந்துவிட்டது. அந்த ஒரு நிமிடம் அவர் மனிதராகத்தான் இருந்தார். அப்புறம் படத்தை மேசையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார்.

“உட்காரும்மா. இந்த மேப் யார் போட்டது தெரியுமா? என் ஆபீஸ். இதேதான் ஆஸ்பத்திரிக்கும் போயிருக்கு. இப்ப தப்புன்னு சொன்னா முப்பத்தேழு பேர் மறுபடி வரையணும், அவங்க மார்க் எல்லாம் நிறுத்தி வைக்கணும். இல்லைன்னா நீ ஒருத்தி திருத்தணும். எது ஈஸி?”

“ஆனா உண்மை இதுதானே சார்?”

“நீ பக்தி உள்ள பொண்ணு. மத்தவங்களுக்காகக் கஷ்டப்படுறதுதானே பக்தி?” அன்பாகத்தான் சொன்னார். அவர் சுவரை உரித்தபோது கூட அவளுக்கு இவ்வளவு வலிக்கவில்லை.

மூன்று நாள் படிக்கட்டுத் திருப்பத்தில் நின்று கேட்டாள். என்ன செய்யட்டும்? ஒரு குறி காட்டு, எதுவாக இருந்தாலும் சரி. வாளிகள் தாண்டிப் போயின. கடவுள் பதில் சொல்லவில்லை, டேப் சொன்னாள்.

“பேப்பர்லதானேடி? சும்மா திருப்பிப் போடு. முப்பத்தெட்டுல உன்னோடதைத்தான் கட்டப்போறாங்களா?”

நியாயமாகத்தான் பட்டது. நாலாம் நாள் சாமி கண்ணை மூடாமல் பென்சிலை எடுத்தாள். ஜன்னலை ஆம்புலன்ஸ் பக்கம் மாற்றினாள். வடக்கு அம்பை மனைப்படத்தில் இருந்தபடியே தலைகீழாகப் போட்டாள். ஐந்து வருடத்தில் அவள் போட்ட முதல் பொய்க்கோடு அது. கோடு எப்போதும் போல நேராக வந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

புல்டோசர் அதைத்தான் தேர்ந்தெடுத்தார்.

முப்பத்தெட்டில் அதுதான் உண்மையில் நல்ல அறை. சாவுக்காகக் காத்திருந்து பழகிய ஒருத்தி வரைந்தது அது ஒன்றுதானே? ஜன்னல் ஆம்புலன்ஸ்களைப் பார்த்திருப்பதையும் அவர் புகழ்ந்தார். “வேண்டிக்கிறவன் வாழ்க்கையை நேருக்கு நேர் பார்க்கணும். துணிச்சலான ஐடியா” என்று குறிப்பில் எழுதினார். வகுப்பு கை தட்டியது. டேப் ஓடி வந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள். சாமி அவள் தோளுக்கு மேலாக, படத்தில் இருந்த தலைகீழ் அம்பைப் பார்த்தாள்.

அஸ்திவாரத்துக்குக் கோடு போடும் நாள் அவளையும் வரச் சொல்லியிருந்தார்கள். அம்மாவுக்கு அன்று சாயங்கால முறை, அதனால் அம்மா கண்ணில் படாமல் தப்பித்தாள். மேஸ்திரி முளை அடித்து நூல் கட்டி, சுண்ணாம்புப் பொடியைத் தூவிக்கொண்டு வந்தார். தொட்டிக்குப் பின்னாலிருந்து வெயில் ஏறி அவர் முதுகில் விழுந்தது. அவர் படத்தைப் பார்த்தார், பின்னால் திரும்பிச் சூரியனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

“ஏம்மா, ஜன்னலை அந்தப் பக்கம் போட்டிருக்கீங்க. காலை வெயில் இந்தப் பக்கம்ல வருது?”

இருபதடி தள்ளி நின்று போனில் பேசிக்கொண்டிருந்த புல்டோசர் பேச்சை நிறுத்தினார். கடைசிப் பருவத்துத் தேர்வு முடிவு இன்னும் வந்திருக்கவில்லை. ஒரு வார்த்தை போதும். மேஸ்திரி முளையைப் பிடுங்கி எதிர்ப்பக்கம் அடித்துவிட்டுப் போயிருப்பார். அவருக்கு அது பத்து நிமிட வேலை.

“பிளான்ல அப்படித்தான் இருக்கு” என்றாள் சாமி.

“பிளான்ல இருந்தா சரிதான். வெயிலுக்குப் பிளான் தெரியாதே, அதான் கேட்டேன்” என்று சொல்லிவிட்டு மேஸ்திரி பொடியைத் தூவினார். புல்டோசர் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்.

தேர்ச்சி பெற்றாள். வேலையும் கிடைத்தது, அவர் ஆபீஸிலேயே. படிப்புக் கடன் அடையும்வரை என்று அம்மா துடைப்பத்தை விடவில்லை. திறப்பு விழாவுக்குப் பெரிய மனிதர்கள் வந்து நாடா வெட்டினார்கள். சாமி காய்ச்சல் என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. இப்போதும் கட்டரை எடுக்கும் முன்னால் பழக்கத்தில் கண்ணை மூடுவாள். அந்த வரி வராது. வேறு வரியும் வராது. கொஞ்ச நேரம் இருட்டைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் திறந்துகொள்வாள்.

முழங்கால் வலி மாத்திரையை அம்மா வீட்டிலேயே மறந்துவிட்டுப் போன ஒரு நாள், மத்தியானம் மூன்று மணிக்கு அதைக் கொடுக்க மருத்துவமனைக்குப் போனாள். வார்டில் அம்மா இல்லை. “புது ரூம்ல இருப்பா” என்றார்கள்.

அம்மா அந்த அறையில்தான் இருந்தாள். அது சாமான் அறையாகியிருந்தது. மூலையில் ஈரத் துடைப்பங்கள், வாளிகள், பினாயில் கேன்கள். தாழ்ந்த ஜன்னல் வழியாக மத்தியான வெயில் தரையைச் சுட்டுக்கொண்டிருந்தது. அடுப்படிக்குள் நுழைந்த மாதிரி சூடு.

“இங்க ஏம்மா வெச்சிருக்கே? இது கும்பிடுற ரூம் இல்லையா?”

“யாரு வர்றா இங்க? காலையில குகை, மத்தியானம் அடுப்பு. எல்லாம் பழையபடி படிக்கட்டுலதான் நிக்குதுங்க.” அம்மா வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். “மொதல்ல ரெண்டு பேர் வந்தாங்கதான். போன மாசம் ஒரு பொண்ணு, உன் வயசுதான் இருக்கும், இங்க தரையில உக்காந்து கண்ணை மூடி வேண்டிக்கிட்டு இருந்துச்சு. நான் கூட்டாம வாசல்லயே நின்னேன். அது கண்ணைத் தொறந்தா, இந்த ஜன்னலுக்கு நேரா அது புருஷனைத் துணி போட்டு மூடி வண்டியில ஏத்துறாங்க. அதுகிட்ட யாரும் வந்து சொல்லக்கூட இல்லை. ஜன்னல்லதான் பார்த்துச்சு. உக்காந்தபடியே கத்துச்சு பாரு, அந்தக் கத்தல் இன்னும் என் காதுல இருக்கு. அதுக்கப்புறம் எவளும் உள்ள கால் வைக்கலை.”

சாமி பையிலிருந்து மாத்திரைப் பட்டையை எடுத்தாள்.

“இந்த ஜன்னலை இந்தப் பக்கம் வரைஞ்சவன் மனுஷனா? சூரியன் எங்க வருதுன்னு ஒரு நாள் வந்து நின்னு பார்த்திருக்க மாட்டானா? நீ படிச்ச பொண்ணு, நீ செய்வியா இப்படி? அந்தக் கை விளங்குமா?”

“விடும்மா. மாத்திரையைப் போடு.”

“எப்படி விடுறது? தினம் இங்க வர்றவ நான்தானே.” அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வாசல் பக்கச் சுவரில் பதித்திருந்த கல்லின் முன்னால் போய் நின்றாள். அம்மாவுக்குத் தன் பெயரைக் கையெழுத்தாகப் போட மட்டும்தான் தெரியும். “இதுல எழுதியிருக்குமே, படிச்சுச் சொல்லு. பேர் தெரியாம இத்தனை நாள் பொத்தாம் பொதுவா திட்டிக்கிட்டு இருக்கேன். பேர் சொல்லித் திட்டினாத்தான் மனசு ஆறும்.”

கல்லில் பெரிய எழுத்தில் புல்டோசரின் பெயரும் ஆபீஸ் பெயரும் இருந்தன. அதற்குக் கீழே, வடிவமைப்பு என்று போட்டு, கல்லூரியில் யாரும் கூப்பிடாத அவளுடைய சொந்தப் பெயர். அம்மா அப்பாவோடு சண்டை பிடித்து ஆசை ஆசையாக வைத்த பெயர்.

சாமி பெரிய எழுத்தைப் படித்தாள். அம்மா அந்தப் பெயரை இரண்டு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

“கீழ பொடியா இன்னொரு வரி இருக்கே, அது என்ன?”

“அது தேதிம்மா.”

“தேதியா?” அம்மா இடுப்பில் செருகியிருந்த ஈரத் துணியை உருவினாள். “தூசி அடைஞ்சு கிடக்கு பாரு. கட்டின நாளாவது ஜனத்துக்குத் தெரியட்டும்” என்று சொல்லிவிட்டு, குனிந்து அந்தக் கடைசி வரியை மட்டும் ஒவ்வொரு எழுத்தாக அழுத்தித் துடைத்தாள்.